பால் கொடுக்க வந்தவள்

தண்டையார்பேட்டை
11-2-1952

அன்பில் என்றும் குறையாத சுகிர்தத்துக்கு,

ஞானசெல்வி எழுதுகிறேன். நானும் அத்தானும் சுகம். அங்கே நீயும் அண்ணனும் பிள்ளைகள் மூவரும் சுகமாயிருக்கக் கர்த்தர் துணை நிற்பாராக. நீ கடிதம் போட்டு இத்தனை நாளாகியும் பதில் இல்லையே என்று என்னை வைதிருப்பாய். காரணத்தைக் கேட்டால் நீயே ஆறிவிடுவாய்.

எங்கள் வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது, சுகிர்தம்.

ஆண் குழந்தை. தெரிந்த ஒரு கன்னியர் மடத்தின் மூலமாகக் கிடைத்தது. கலியாணமாகி இத்தனை வருஷம் கழித்து, மாமியாரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, டாக்டர்கள் கையை விரித்த பிறகு, இப்படி ஒரு வழி திறக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அத்தானைப் பார்த்தால் நீ சிரிப்பாய். மிளகாய் மண்டியிலிருந்து வரும்போது உடம்பெல்லாம் வத்தல் நெடியாக இருக்குமே, குழந்தைக்குத் தும்மல் வரும் என்று கொல்லையில் குளித்துவிட்டுத்தான் இப்போது உள்ளே வருகிறார். தொப்புள்கொடி விழுந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். சாமுவேல் என்று பெயர் வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறார்.

பிரசவம் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டேன். பையை எடுத்துப் பரண்மேல் போட்டாயிற்று. கூப்பிட வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்லி அனுப்புகிறேன். வாசலில் யாராவது கூப்பிட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. குழந்தை உள்ள வீடு அப்படித்தான் இருக்கும்போல.

டப்பாப் பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. உன் நடுப்பிள்ளைக்கு இப்படி இருந்தபோது என்ன கொடுத்தாய், உடனே எழுது.

இன்னொன்று. ஈஸ்டர் கழிந்த ஞாயிறு ஞானஸ்நானம் வைத்திருக்கிறோம். நீதான் ஞானத்தாய். மறுக்கக்கூடாது.

உன் முத்தத்தை எதிர்பார்க்கும் மருமகனுடன்,
ஞானசெல்வி

---

ராபர்ட்சன்பேட்டை
கோலார் தங்கவயல்
18-2-1952

என் கண்ணான ஞானத்துக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு அடுப்பில் வைத்திருந்த குழம்பை மறந்துபோய், அன்றைக்கு எல்லோரும் தீய்ந்த குழம்புதான் சாப்பிட்டோம். யாரும் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் உடனே மெட்ராசுக்குப் போக வேண்டும் என்று ஒரே ரகளை. குல்லா ஒன்று பின்னத் தொடங்கியிருக்கிறேன்.

பாலை இன்னும் நீர்க்கக் கரைத்துப் பார். பார்லி வடித்த நீரில் கரைத்தால் வயிறு கட்டும். இதெல்லாம் நாம் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தவைதான். தன் பிள்ளை என்றதும் நர்சுக்கும் எல்லாம் மறந்துவிடும். எனக்கும் மறந்தது.

ஒன்று கேட்கலாமா? தொப்புள்கொடி உங்கள் வீட்டில் விழுந்தது என்கிறாயே. அப்படியானால் பிறந்த சூட்டோடு அல்லவா கொடுத்திருக்கிறார்கள்? எந்த மடம் அவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறது? தாய் உயிரோடு இருக்கிறாளா? பின்னால் யாராவது வந்து உரிமை கேட்டால் உன் மனசு தாங்காது. எல்லாவற்றையும் முறையாகச் செய்துகொள்.

ஜனவரியில் நீ எழுதிய கடிதமும் பாதியில் நிற்கிறது. வியாசர்பாடியில் கெங்கம்மா என்று ஒரு பெண்ணுக்கு வலி கண்டிருக்கிறது, ரிக்ஷா வந்து நிற்கிறது, மீதியை வந்து எழுதுகிறேன் என்று முடித்திருந்தாய். மீதி வரவே இல்லை. அந்தப் பெண் நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தாளா?

ஞானத்தாயாக நிற்கச் சொல்லி என்னைக் கேட்கவும் வேண்டுமா? வருகிறேன்.

ஆசையோடு,
சுகிர்தம்

---

தண்டையார்பேட்டை
27-2-1952

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மடத்தைப் பற்றி எதுவும் கேட்காதே. வெளியில் சொல்லக்கூடாது என்று அவர்கள் சொல்லித்தான் கொடுத்தார்கள். எல்லாம் முறையாகத்தான் நடந்திருக்கிறது. உன் கடிதங்களை அத்தானும் படிக்கிறார், நினைவில் வைத்துக்கொள்.

பார்லித் தண்ணீரிலும் நிற்கவில்லை. குழந்தை துவண்டுபோய், அழக்கூடச் சக்தியில்லாமல் கிடந்தான். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய், பால் கொடுக்க ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். வியாகுலம்மாளுக்கு நல்ல மனசு. ஊரில் யாருக்கு என்ன தேவை, யாரிடம் என்ன இருக்கிறது என்று எல்லாம் தெரிந்து வைத்திருப்பாள்.

வந்தது கெங்கம்மா. நீ கேட்ட அதே வியாசர்பாடிப் பெண். பிழைத்துவிட்டாள். பிள்ளை தங்கவில்லை, பால் மட்டும் வற்றவில்லை.

நான் என்ன சொல்ல முடியும்? வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் வாயில் வரவில்லை. அத்தான் பக்கத்தில் நின்று, "குடுக்கட்டும் செல்வி, புள்ள பிழைக்கட்டும்" என்கிறார். அவள் பின்கட்டில் உட்கார்ந்து குழந்தையை வாங்கினாள். வாங்கின நிமிஷத்தில் அவன் பிடித்துக்கொண்டான்.

இப்போது தினமும் காலையிலும் சாயங்காலமும் வருகிறாள். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. கன்னம் தெரிகிறது. "ராசா, ராசா" என்று கொஞ்சுகிறாள். நேற்று என்னைப் பார்த்து, "எம் புள்ள இருந்தா இத்தினிதான் இருக்கும், இல்ல நர்சம்மா?" என்று கேட்டாள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தூக்கக் குறைவாக இருக்கும். நீ கவலைப்படாதே.

ஞானசெல்வி

---

ராபர்ட்சன்பேட்டை
4-3-1952

ஞானம்,

இந்தக் கடிதத்தை வியாகுலம்மாள் விலாசத்துக்குப் போடுகிறேன். நீ மட்டும் படி.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறேன். எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் குழந்தை எந்த மடத்திலிருந்தும் வரவில்லை, இல்லையா?

நான் நினைப்பது தப்பு என்று எழுது. கோபப்பட்டு எழுது, உன்னைப்போய் இப்படி நினைத்தேனே என்று என்னைத் திட்டு. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலில் நிற்கிறேன்.

சுகிர்தம்

---

தண்டையார்பேட்டை
12-3-1952

சுகிர்தம்,

திட்டி ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அன்று காலையில் நான் போனபோதே கெங்கம்மாவின் நிலைமை மோசமாக இருந்தது. அவள் புருஷன், மண்ணாங்கட்டி என்று பெயர், துறைமுகத்தில் கரி இறக்கும் வேலைக்குப் போயிருந்தான். குடிசையில் பக்கத்துப் பெண்கள் மட்டும்தான். மத்தியானத்துக்கு மேல் பிள்ளை பிறந்தது. மூச்சு இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இல்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன், வெந்நீரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினேன், வாயில் வாய் வைத்து ஊதினேன். நாம் படித்த எதையும் நான் விடவில்லை. அதற்குள் அவளுக்கு ரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்தது, பிள்ளையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அவளுக்கு நினைவில்லை. "அவ கண்ணுல படாம நீயே எடுத்துகினு போய் அடக்கம் பண்ணிடு நர்சம்மா" என்று அந்தப் பெண்கள்தான் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார்கள்.

அமீருதீனுடைய ரிக்ஷாவில் வந்துகொண்டிருந்தேன். கால்வாய்ப் பாலத்தின் மேல் வண்டி குலுங்கியது. துணிக்குள் ஏதோ அசைந்தது. பிறகு ஒரு சின்னச் சத்தம். அமீருதீன் திரும்பிப் பார்த்து, "இன்னா சத்தம் நர்சம்மா?" என்று கேட்டார்.

பூனை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை, சுகிர்தம். முன்னால் நினைத்தது எதுவும் இல்லை. வண்டியைத் திருப்பச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த வார்த்தை வந்துவிட்டது. பாலத்தை இறங்கின பிறகும் திருப்பியிருக்கலாம். கொருக்குப்பேட்டை கேட்டில் ரயிலுக்காக வெகுநேரம் நின்றோம், அப்போதும் திருப்பியிருக்கலாம். குழந்தை என் ரவிக்கையோடு ஒட்டிக்கொண்டு சூடாகிக்கொண்டே வந்தான். வீடு வந்துவிட்டது.

முதல் நாள், கெங்கம்மா பிழைக்கமாட்டாள் என்று நினைத்தேன். அவள் பிழைத்ததும், அவளுக்கு ஏற்கெனவே நான்கு இருக்கிறதே என்று நினைத்தேன். இங்கே இருந்தால் பள்ளிக்கூடம் போவான், மண்டி அவனுக்கு வரும், அங்கே இருந்தால் கரிதான் சுமப்பான் என்று நினைத்தேன். இதெல்லாம் நியாயம்தான் என்று படுக்கும்போது தோன்றும். அவள் வந்து பின்கட்டில் உட்கார்ந்ததும் ஒன்றும் நிற்காது.

அத்தானுக்குத் தெரியாது. உனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கு மூன்று பிள்ளைகள், சுகிர்தம். வெறுங்கையோடு இருப்பது என்னவென்று உனக்கு எப்படித் தெரியும்? என்னை விட்டுவிடு. அவன் பிழைத்திருப்பதே போதும் என்று நீயும் நினைத்துக்கொள். அவளும் தினம் பார்க்கத்தானே செய்கிறாள், பால் கொடுக்கத்தானே செய்கிறாள்.

இதைப் படித்த பிறகும் நீ ஞானத்தாயாக வருவாய் என்று நம்பிக்கொண்டிருக்கும்,
ஞானசெல்வி

---

சென்னை
22-3-1952, சனிக்கிழமை

ஞானம்,

உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். கடைசியில் லீவு சொல்லிவிட்டுத் தந்தி அடித்துவிட்டு ரயில் ஏறிவிட்டேன். இன்று காலை உன் வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. தந்தியைப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையோடு எண்ணூரில் உன் நாத்தனார் வீட்டுக்குப் போனாய் என்று எனக்குத் தெரியும். வியாகுலம்மாளுக்குத் தெரியாது. கடல் காற்றுக்காகப் போயிருப்பதாக அவள் நம்புகிறாள். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

பூட்டிய வாசலில் கெங்கம்மா உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் அவளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்ததும் தெரிந்தது. முந்தானையெல்லாம் பாலில் நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "நர்சம்மாவுக்கு நீ சொந்தமாம்மா? எங்க போய்க்கீறாங்க? புள்ளைக்கு நோவு எதுனா கண்டுச்சா?" என்று கேட்டாள். பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல்தான் உட்கார்ந்திருந்தாள், ஆனால் கேட்டது குழந்தையைப் பற்றித்தான்.

உண்மையைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வாசலில் நின்று என்ன சொன்னேன் தெரியுமா? குழந்தைக்கு ஒன்றும் இல்லை, புதன்கிழமைக்குள் வந்துவிடுவான் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இரும்மா" என்றாள். உனக்காகச் சொன்னேனா, பயந்து சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. நீ பாலத்தின் மேல் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று அப்போதிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குக் கோபம் மட்டும் இருந்தது என்று நினைக்காதே. உனக்காக நானே காரணங்கள் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். நீ எழுதாத காரணங்கள்கூட எனக்குத் தோன்றின. வார்டில் ஒரு தாயிடம் பிள்ளையைக் கொடுக்கும்போது, அவள் பிள்ளைதானா என்று சீட்டை இரண்டு தடவை பார்த்தேன். அன்றைக்குத்தான் லீவு கேட்டேன்.

கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் வரை போனேன். எண்ணூருக்கு டிக்கெட் வாங்காமல் திரும்பிவிட்டேன். நான் வந்து உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அது நான் செய்ததாகிவிடும். நீ போக வேண்டும். அத்தானிடம் முதலில் சொல். பிறகு அவளிடம் போ. ஞானத்தாயாக நான் நிற்க மாட்டேன். புதன்கிழமை தாண்டினால் நானே வியாசர்பாடிக்குப் போய்ச் சொல்லுவேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்வாய். எடுத்துக்கொள். அதுவரை ராயபுரத்தில் என் சித்தி வீட்டில் இருப்பேன். நீ கூப்பிட்டால் கூட வருகிறேன்.

சுகிர்தம்

---

தண்டையார்பேட்டை
2-4-1952

சுகிர்தத்துக்கு,

நீ ஊருக்குத் திரும்பிவிட்டாய் என்று வியாகுலம்மாள் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். நடந்ததை என் வாயால் நீ கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, எங்களைப் பார்க்க வந்த அத்தானிடம் சொன்னேன். எண்ணூரில் உப்பளத்து வரப்பில் அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நடந்துகொண்டே இருந்தார். பிறகு நின்று, "புள்ள உசிரோட இருக்குன்னு அவளுக்குத் தெரியாதா?" என்று ஒன்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். குழந்தையை என்னிடம் தரவில்லை. அப்படியே ஸ்டேஷனை நோக்கி நடந்தார். நான் பின்னால் போனேன். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வியாசர்பாடியில் கெங்கம்மா குழாயடியில் இருந்தாள். குழந்தையைப் பார்த்ததும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து வாங்கிக்கொண்டாள். நான் அவளைக் குடிசைக்குள் உட்காரவைத்துச் சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. குழந்தையின் துணியை விலக்கிக் காலையும் கையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நான் பால் குடுக்கறப்பல்லாம் எதிர்ல நின்னு என் மூஞ்சியப் பாத்துகினுதானே இருந்த?" என்றாள்.

பிறகு பிள்ளையை மார்போடு எடுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மண்ணாங்கட்டி என்மேல் பாய்வான் என்று பயந்தேன். அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அடக்கம் செய்த இடம் என்று கல்லறைச் சுவரோரம் நான் ஒரு இடத்தைக் காட்டியிருந்தேன். அங்கே அவன் போய்ப் பால் ஊற்றிவிட்டு வந்திருக்கிறான். "யாரு இடத்துல ஊத்திகினு இருந்தேன் நானு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அத்தான் அவன் முன்னால் கைகூப்பி நின்றார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அவனோடு வேலை செய்கிறவர்கள் சேர்ந்து போலீசுக்குப் போனார்கள். அது நியாயம்தான். இன்ஸ்பெக்டரிடம் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். மே மாதம் பன்னிரண்டாம் தேதி ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் கேஸ். அத்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டி வந்தார். அன்றிலிருந்து மண்டியில்தான் படுக்கிறார். சாப்பாட்டை ஆள் வந்து வாங்கிப் போகிறான். மாற்றுத்துணி எடுக்க வரும்போது இன்னும் கொல்லையில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார், ஏன் குளிக்கிறோம் என்று யோசிக்காமலே.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் அவன் இப்போது என் மடியில் இருப்பான் என்று தினமும் நினைக்கிறேன். நீ செய்தது சரி என்றும் தெரியும். தெரிவதால்தான் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இனிமேல் எழுத வேண்டாம். பிள்ளைகளிடம், அத்தை ஊருக்குப் போய்விட்டாள் என்று ஏதாவது சொல்லிக்கொள்.

ஞானசெல்வி

---

ராபர்ட்சன்பேட்டை
29-4-1952

ஞானத்துக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. நீ பதில் போட வேண்டாம்.

இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் பரீட்சையில் கணக்கில் மட்டும் கோட்டைவிட்டிருக்கிறான். கடைசிக்காரிக்கு அம்மை போட்டு இறங்கியது. வெயில் தாங்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு. வீட்டில் தனியாக இருக்கிறோம் என்று அடுப்பு மூட்டாமல் இருக்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

உன் வக்கீல் எனக்கு எழுதியிருந்தார். நீ நல்லவள், கஷ்டப்பட்டவர்களுக்கெல்லாம் பிரசவம் பார்த்தவள் என்று நான் கோர்ட்டில் சொல்ல வேண்டுமாம். சொல்லுகிறேன் என்று பதில் போட்டேன், அதெல்லாம் உண்மைதான். கேட்டால் மற்றதையும் சொல்லுவேன் என்றும் எழுதினேன். அதன் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கூப்பிடாவிட்டாலும் வருகிறேன். லீவு கேட்டபோது மேட்ரன் எதற்கு என்றார். சிநேகிதிக்குக் கேஸ் என்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்படிப்பட்டவளா உனக்குச் சிநேகிதி?" என்றார். ஆமாம் என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. ஆனாலும் ஆமாம் என்றுதான் சொன்னேன். லீவு கொடுத்தார்.

நீ செய்ததை நான் மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை. இருக்கிறவள் வியாசர்பாடியில் இருக்கிறாள். அவளும் அன்றைக்குக் கோர்ட்டுக்கு வருவாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் வருவாள். முதலில் அவளிடம் போவேன். அன்று உன் வாசலில் உண்மை தெரிந்தும் அவளிடம் மறைத்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் என்ன சொல்லுவாளோ, பயமாகத்தான் இருக்கிறது.

அது முடிந்ததும் உன் பக்கம் வந்து உட்காருகிறேன். அங்கே பெண்களுக்கு பெஞ்சு உண்டா என்று தெரியவில்லை. இல்லாவிட்டால் உனக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். நீ திரும்பிப் பார்க்க வேண்டாம்.

சுகிர்தம்